கிராம்பு வறுக்கும் பதம்

ஜூன் 3, செவ்வாய்

சோப்புத் துண்டை இன்று மூக்கில் வைத்து உரசியே விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. காய்ச்சல் போய் ஒரு மாதமாகிறது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கு என்றால் சாப்பாடு சப்பென்றிருக்கும், அவ்வளவுதான். எனக்குச் சம்பளமே மூக்கினால்தான் வருகிறது. தொழிற்சாலையை விட்டு வெளியே போகும் சோப்பையெல்லாம் தொகுதி தொகுதியாக முகர்ந்து ‘போகலாம்’ என்று கையெழுத்துப் போடுவது என் வேலை.

மேலாளர் அன்பாகத்தான் பேசினார். மாதக் கடைசி வரை பார்க்கலாமாம். அப்புறம் கிடங்கு. “அங்க மூக்கே தேவைப்படாது மேடம்” என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

ஜூன் 5, வியாழன்

நாத்தனார் ஒரு பை ஆரஞ்சோடு வந்தாள். கிராம்பையும் மிளகையும் வறுத்துப் பொடித்து, இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் சாறும் தேனும் சேர்க்க வேண்டும். மூக்கு மட்டுமல்ல, கல்லீரல், முழங்கால், மனக்கவலை எல்லாவற்றுக்கும் நல்லதாம். ஆதாரம் கேட்டேன்.

“அண்ணி, வாங்கின பட்டத்தை ஓரமா மாட்டி வெச்சுட்டுக் கொஞ்ச நாள் குடிங்க. அப்புறம் ஆதாரம் பேசலாம்.”

மருத்துவர், வாசனை தானாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றிருக்கிறார். இவள் அவரைவிடத் திட்டவட்டமாகப் பேசுகிறாள். மறுக்கச் சோம்பலாக இருந்தது.

ஜூன் 7, சனி

எவ்வளவு நேரம் வறுப்பது என்று தொலைபேசியில் கேட்டேன். “வாசம் வர்ற வரைக்கும்” என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு வாணலியை அடுப்பில் ஏற்றினேன்.

நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. கிராம்பும் மிளகும் வாங்கும்போதே கறுப்பு. உத்தேசமாக இறக்கினேன். என் வீட்டுக்காரரைக் குடிக்கச் சொல்லிக் கேட்டேன். “நல்லாதான் இருக்கு” என்றார். ஒருவழியாகப் பதம் பிடிபட்டுவிட்டது.

ஜூன் 12, வியாழன்

இவரும் தினமும் என்னோடு ஒரு டம்ளர் குடிக்கிறார். உடம்புக்கு நல்லதுதானே என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இவர் உடம்பைப் பற்றி யோசித்து நான் பார்த்ததில்லை. வாணலியை அடுப்பில் ஏற்றியதும் எழுந்து வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகிறார். காற்று வேண்டுமாம்.

ஜூன் 18, புதன்

ஒன்றுமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

என் மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்து முகர்கிறாள். ஒரு தொகுதியை “பரவாயில்ல” என்று அனுப்பினாள். பரவாயில்லை என்பது என்ன மணம்? கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு. கிடங்குக்கே போய்த் தொலையலாம் — மூட்டை எண்ணத் தெரியாதா எனக்கு? தெரியும். நல்லாவே தெரியும்.

ஜூன் 28, சனி

காலையில் ஏதோ கருகியது. பக்கத்து வீடு என்று நினைத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. பிறகுதான் உறைத்தது — கருகுவது எனக்குத் தெரிகிறது.

என் வாணலிதான். நேற்றுக் காய்ச்சியதை ஊற்றி வைத்திருந்த டம்ளரை முகர்ந்தேன். டயரைக் கொளுத்தி அதன்மேல் ஆரஞ்சு பிழிந்த மாதிரி. ஒரு வாய் குடித்துத் துப்பினேன். இவர் அதற்குள் பாதி குடித்திருந்தார்.

“இதையா தினமும் குடிச்சீங்க?”

“ம்.”

“நல்லாயிருக்குன்னீங்களே.”

“வேற என்ன சொல்றது? நீ என் மூஞ்சியையே பாத்துட்டு நின்ன.”

மிச்சத்தையும் குடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கழுவினார்.

ஜூன் 30, திங்கள்

மேலாளர் சோப்புகளை வரிசையாக வைத்தார். ஒன்றில் மட்டும் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிறது என்றேன். ‘பரவாயில்ல’ தொகுதி. கிடங்குக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள்.

ஜூலை 2, புதன்

தன் பானம்தான் குணப்படுத்தியது என்று நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தானாக வந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, ஆரஞ்சு எங்கே வாங்கினாய் என்று கேட்டு வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மருந்தாக அல்ல, பழம் மீதியிருந்தது. கிராம்பு வறுத்தேன். மணம் எழுந்ததும் இறக்கிவிட்டேன். இவர் செய்தித்தாளோடு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். ஜன்னல் சாத்தியபடி இருந்தது.