பதினேழாம் எண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் கடவுளிடம் கேட்கிறேன், அதில் இன்றும் குறை வைக்கவில்லை. இங்கே சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

அப்பா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளாகிறது. சாப்பாடு அரை வயிறு, பேச்சு கால்வாசி. ஆஸ்பத்திரியில் மட்டும் நர்ஸிடம் ஓயாமல் பேசினார், நீ எனக்கு நாடி பாக்குற மாதிரி என் பொண்ணு தினமும் சூரியனுக்கு நாடி பாக்குறா என்று. அந்த நர்ஸ் பெண்ணும், அப்போ வெயிலைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க ஐயா என்றாள். அவர் சிரித்ததைப் பார்க்க நீ இல்லை.

ஏன் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். சூரியன்ல பெரிய கரும்புள்ளி ஒன்று பூமியைப் பார்த்துத் திரும்பியிருக்கு, எந்த நேரமும் வெடிக்கும், இந்த வாரம் முழுக்க நான்தான் டியூட்டி, விடமாட்டாங்கம்மா என்று போனில் சொன்னாய். நான் நம்பினேன். ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்து அப்பாவுக்கு ஒரு வேண்டுதல், சூரியன் அடங்க ஒரு வேண்டுதல் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரியில் இருந்ததால் விட்டுப்போன ஏழு நாளையும் நோட்டில் ஏற்ற உட்கார்ந்தேன். உங்கள் ஆபீஸ் அறிக்கையைப் போனில் பார்த்து, கரும்புள்ளி எத்தனை, பூமியின் காந்தம் எவ்வளவு குலுங்கியது, நீங்கள் சொன்னது எது, நடந்தது எது என்று எட்டு வருஷமாகக் கட்டம் போட்டு எழுதுகிறவள் நான். அந்த ஏழு நாளும் காந்த எண் ஒன்று, இரண்டு, ஒன்று. ஐந்தைத் தொட்டால்தான் சூரியப் புயல். வெடிக்கும் என்று யாரும் சொல்லவுமில்லை. அறிக்கையின் அடியில் டியூட்டி ஆளின் எண் இருக்கும், என் எண் பதினேழு என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். ஏழு நாளும் ஒன்பது, இருபத்திரண்டு, ஒன்பது. பதினேழு ஒரு நாளும் இல்லை. புயல் வராததற்குக் கடவுளுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தேன்.

நீ இந்த வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு அப்பா சொன்னது எனக்கு மறக்கவில்லை. வெயிலுக்கு ஜோசியம் சொல்லப் போறவ திரும்பி இந்தப் படி ஏறக்கூடாது என்றார். நானும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டு வாய் திறக்கவில்லை, அந்தப் பாவம் எனக்கும் உண்டு. ஆனால் அதே மனுஷர் இப்போது கண் விழித்ததும் கேட்பது, இன்னிக்கு யாரு டியூட்டி என்றுதான். யாராக இருந்தாலும் பதினேழு என்று சொல்லிவிடுவேன். அப்போ பயமில்லை என்று கண்ணை மூடிக்கொள்வார். வாயால் பொய் சொல்லிவிட்டேன், கடவுள் மன்னிப்பார். நோட்டில் பொய் எழுத எனக்கு வராது.

நேற்று முதல் தடவையாகத் தானே எழுந்து உட்கார்ந்தார். நான் குளித்துவிட்டு வரும்போது நோட்டு அவர் மடியில் இருந்தது, விரல் அந்த ஏழு கட்டத்தின் மேல். நீ சொன்ன காரணமும் அவருக்குத் தெரியும். நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டார். இன்று காலை யார் டியூட்டி என்று கேட்கவில்லை.

இருபதாம் தேதி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வருவதும் வராததும் உன் இஷ்டம். வரவில்லையென்றால் மனசு வரவில்லை என்று அவருக்கே எழுது, சூரியன் மேல் பழி போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கடவுள் உன்னைக் கைவிடமாட்டார்.

இன்றைய அறிக்கை பார்த்தேன். அமைதி என்று போட்டிருக்கிறது. எண் பதினேழு.

இப்படிக்கு,
உன் அம்மா