கோட்டைக்குள் கேட்ட பெயர்

12-7-1964, ஞாயிறு, இரவு

மழை விட்டிருந்ததால் இவர் இன்று என்னைச் சயான் கோட்டைக்குக் கூட்டிப் போனார். வெள்ளைக்காரன் கட்டிய கோட்டை. அடிவாரத்துத் தோட்டம் அழகாகத்தான் இருந்தது. மேலே ஏறினால் பாசி பிடித்த சுவரும் வௌவால் நாற்றமும். அங்கே ஓர் இருட்டறை. இவர் உள்ளே போனார். செருப்பு வழுக்கியதால் நான் வெளியே படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏளா, கல்யாணம் ஆகி இன்னைக்குத்தான் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்க."

படியில் உட்கார்ந்திருந்தவரை நான் வாயே திறக்கவில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட இவர் பெயரை நான் சொன்னதில்லை, இவரேதான் சொல்லிக்கொள்வார். இந்த நோட்டிலும் இவர் வெறும் 'இவர்'தான்.

"நான் கூப்பிடலையே" என்றேன்.

"பொய் சொல்லுத. ஒன் குரலு எனக்குத் தெரியாதா? உள்ள மூலையில நின்னு கூப்பிட்டுட்டு, அதுக்குள்ள எப்பிடி வெளிய வந்த?"

பஸ்ஸில் வீடு வரும்வரை சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். மறுபடி மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

படுத்ததும் தூங்கிவிட்டார். சற்று முன் தூக்கத்திலேயே, "வாரேன்" என்றார். எழுந்துபோய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

மறுபடியும் "வாரேன்" என்கிறார். பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண் மூடியே இருக்கிறது, முகம் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.