உப்புத்தண்ணீர் மோட்டாரும் அண்ணன் மக்காச்சோளமும்

பிப்ரவரி 9, திங்கள்

இன்று சூரியன் எங்கள் வயலில் வேலைக்குச் சேர்ந்தது. சோலார் மோட்டார் மாட்டிவிட்டார்கள். பெரும்பங்கு அரசாங்க மானியம், மிச்சம் எங்கள் கைக்காசு. என் வீட்டுக்காரர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பேனலுக்குச் சூடம் காட்டினார். பைப்பில் தண்ணீர் கொட்டியதும் வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். இந்தத் தண்ணீரில் குழம்பு வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டாம்.

"ஓட ஓட இனிச்சிரும்" என்கிறார் இவர். யார் சொன்னது என்று கேட்டேன். கரையோரம் கொய்யா வைக்கப் போகிறாராம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வேல்ராஜ் அண்ணன் மோட்டார் பார்க்க வந்தார். எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான், பக்கத்து ஊர். இந்த வருஷம் மிளகாயை விட்டுவிட்டு மக்காச்சோளம் போட்டிருக்கிறார். அதை வாங்கி எத்தனால் காய்ச்சிப் பெட்ரோலில் கலப்பார்களாம். விதைக்கு மானியம், காய்ச்சுகிற கம்பெனிக்கும் மானியம். அண்ணன் இப்போது வயலுக்குப் போவதையே நாட்டைக் காப்பாற்றப் போவதுபோலச் சொல்கிறார்.

பேனலைச் சுற்றி வந்தார். "ஊரு வரிப்பணத்துல கண்ணாடி நட்டு வச்சிருக்கீக மாப்ள."

இவர் சும்மா இருப்பாரா? "ரேசன் கடையில சனம் வரிசையில நிக்கிது. நீங்க காருக்குச் சோறு பொங்குறீக மச்சான்."

"பெட்ரோலுக்கு வெளிநாடு போற காசு நம்ம சம்சாரிக்கு வருதுல்ல, வெள்ளாம செய்யிறவனுக்கு?"

"சூரியன் யார்கிட்டயும் காசு கேக்கலைல்ல?"

"சூரியன் கேக்கல. பேனல் விக்கிறவன் கேக்கிறான்."

இரண்டு பேருமே மானியம் வாங்கியவர்கள். தான் வாங்கியது நாட்டுக்கு நன்மை, அடுத்தவர் வாங்கியது நாட்டுக்கு நட்டம். என் குண்டு மிளகாய்க்கு மானியம் எதுவும் கிடையாது. அதனால் எனக்குக் கருத்துச் சொல்லும் தகுதியும் இல்லை. காப்பி போடப் போனேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மகள் ஜோதிகாவுக்கு இன்று நிச்சயம். நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை.

மாப்பிள்ளை ராம்குமாருக்கு ராமநாதபுரத்தில் வேலை, தங்கமான பையன். தாம்பூலம் மாற்றியாயிற்று. பந்தியில் சம்பந்தி ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், "மோட்டாரெல்லாம் எப்படி ஓடுது?" என்று. அவ்வளவுதான். அண்ணன் "அதுல என்ன ஓடுது, கடலுதான் ஓடுது" என்றார். இவர் "சோளத்துல பைக் ஓட்டுறவுக அதையெல்லாம் பேசக்கூடாது" என்றார். அப்புறம் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை. சம்பந்தி பாவம், அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். "இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்." பின்னாலேயே அவர் பெண்டாட்டி சுகந்தி மதினி. மதினி முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

இவனுக ரெண்டு பேரும் மானியத்தப் பத்திப் பேசாட்டி டெல்லியில எவன் தூங்காம இருக்கான்? எம்பிள்ளைக்கு யாரு மாலை போடுறது? தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவராமல் எங்களில் கல்யாணம் உண்டா?

மார்ச் 11, புதன்

மிளகாய்ப் பழம் களம் முழுக்க நிறைந்துவிட்டது, காயப்போட இடம் போதவில்லை. பேனல் சும்மா கிடக்கிறது. தொட்டால் தோசைக்கல் சூடு. மண் இல்லை, கோழி ஏறாது. சரிவாக இருப்பதால் உருண்டுவிடும் என்று பாம்பனில் வாங்கிய பழைய மீன்வலையைக் குறுக்கே இழுத்துக் கட்டி, பழத்தைப் பரப்பிவிட்டேன். களத்தில் ஒரு வாரம் எடுப்பது இதில் சீக்கிரம் காய்ந்துவிடும். இந்த யோசனைக்கு எனக்குத்தான் மானியம் தர வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

தரவேண்டாம்.

ஆபீசிலிருந்து இன்ஜினியர் சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு வந்துவிட்டார். இவர் பெருமையாகப் பேசிக்கொண்டே போய் சுவிட்சைப் போட்டார். மோட்டார் கம்மென்று இருந்தது. மறுபடி போட்டார். ஒயரைத் தட்டினார். இன்ஜினியர் மெதுவாகத் தலையைத் தூக்கிப் பேனலைப் பார்த்தார். "சூரியன் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். மிளகாய்க்கு அடியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டு, இரண்டு படி மிளகாயும் வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் 14, சனி

அண்ணன் காதுக்கு எட்டிவிட்டது. "எங்க மாப்ள சோலார்ல மிளகா வத்தல் போடுறாரு" என்று தேவிபட்டினம் சந்தை வரைக்கும் சொல்லியாயிற்று. இவர் என்னோடும் பேசவில்லை. ஆற வைத்துக்கொண்டிருந்த நெருப்பில் நானே மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

அண்ணன் சோளத்தில் காட்டுப்பன்றி இறங்கி முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. மிச்சம் ஈரமாக இருக்கிறது என்று கம்பெனி லாரி திருப்பி அனுப்பிவிட்டது.

இவர் டீக்கடையில் வைத்து, "எங்க மச்சான் பன்னிக்கு எத்தனால் ஊத்தியிருக்காரு, இனி அதுக வேகமா ஓடும்" என்றாராம். கடையே சிரித்ததாம். வீட்டில் வந்து என்னிடம் சொல்லும்போது இவரே சிரிக்கவில்லை. இவரும் வெயிலில் நின்று விதைத்த மனுஷன்தானே, அந்த வலி தெரியாதா.

ஏப்ரல் 26, ஞாயிறு

பத்திரிகை வந்துவிட்டது. தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய் வெற்றிலை பாக்கு வைக்க வேண்டும்.

"எத்தனாலு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, வாரேன்" என்றார் இவர்.

நான் மட்டும் போனேன். அண்ணன் தட்டை வாங்கவில்லை. "நீ வந்தா நீ எந்தங்கச்சி ஆத்தா, எப்ப வேணாலும் வரலாம். அழைக்கணும்னா மாப்ள வரணும். வந்து, மானியத்துல வச்ச மோட்டாரு வீணுன்னு ஒத்துக்கிறணும்."

மதினிதான் தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "வீட்டுல யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டார். எத்தனால் என்று சொன்னால் புரியுமா?

மே 10, ஞாயிறு

கொய்யாக் கன்று எல்லாம் கருகிவிட்டது. இவர் மோட்டாரை மட்டும் தினமும் ஓட விடுகிறார். எதற்கு என்றேன். "ஓடுதுன்னு தெரியணும்ல" என்கிறார். ரோட்டோர வயல், அண்ணன் ஊர்க்காரர்கள் போகும் வழி.

மே 20, புதன்

ஜோதிகா இன்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "வேல்ராஜ் மாமா மாலை போடாட்டி நான் மணவறையில உக்கார மாட்டேன். நீங்க மூணு பேரும் மானியத்தை உக்கார வச்சுக்கங்க." நான் என்னடி செய்தேன், என்னையும் எதற்குச் சேர்க்கிறாய் என்றேன். மிளகாய் போட்டேன் அல்லவா, அதற்காம்.

மே 27, புதன்

மழை. கோடையில் இப்படிக் கொட்டி நான் பார்த்ததில்லை. நாளைக் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் தாங்கிவிட்டது. அடைத்துவைத்த மிளகாய் மூட்டையில் இரண்டு நனைந்துவிட்டது. அண்ணனிடமிருந்து ஒரு போன் இல்லை.

மே 28, வியாழன்

உட்கார்ந்து எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

காலையில் வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்தது. சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். "தாய்மாமன் எங்க?" என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்று நான் வாய் கூசாமல் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் பெண்ணைப் பெற்றவரையும் காணோம். மோட்டாரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று வயலுக்குப் போய்விட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

மோட்டாரில் எந்தச் சத்தமும் இல்லை, அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அண்ணன். வேர்த்து விறுவிறுத்து, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பின்னால் மதினி, தலையில் சீர்த்தட்டு, கையில் மாலைப் பை. ராத்திரி மழையில் வண்டி வெளியே நின்றிருக்கிறது. டாங்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து வண்டி நின்றுவிடும் என்று இவர் மூன்று மாதமாக ஊருக்கே பாடம் எடுத்தவர்.

இவர் போய் வண்டியை வாங்கினார். டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மகமாயி, இவர் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

மூடியை மூடினார். "பிளக்குல கரி பிடிச்சிருக்கு மச்சான். வேற ஒண்ணுமில்ல."

அண்ணன் இவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நேராகப் பைப்படிக்குப் போனார், கையை ஏந்தினார், குடித்தார். எங்கள் ஆடுகூட வாய் வைக்காத தண்ணீர். விழுங்கினார். மறுபடி ஒரு கை ஏந்தி அதையும் விழுங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது, உப்பாலோ எதனாலோ.

"நல்லா சில்லுன்னு இருக்கு மாப்ள" என்றார். "குடிக்கலாம்."

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

ஜோதிகாவுக்கு மாமன்தான் மாலை போட்டார். கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மணவறைக்குப் போகும் முன் அடுப்படிக்கு வந்து, "ஆத்தா, கேன் தண்ணி இருந்தா ஒரு செம்பு குடு" என்று காதோடு கேட்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூன் 7, ஞாயிறு

மறுவீட்டு விருந்து. மருமகன் பேட்டரி ஸ்கூட்டரில் ஜோதிகாவை உட்காரவைத்து வந்தார், சத்தமே இல்லை. இவரும் அண்ணனும் சேர்ந்து அதைச் சுற்றி வந்தார்கள். மானியத்தில் வாங்கியது என்று மருமகன் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"பாத்தீகளா மாப்ள, ஊரு வரிப்பணம் எங்கெல்லாம் போகுதுன்னு" என்றார் அண்ணன்.

"அதத்தான மச்சான் நானும் சொல்றேன்" என்றார் இவர்.

பையன் முகம் சுண்டிவிட்டது. இன்னொரு உளுந்தவடை வைத்தேன்.

விருந்து முடிந்ததும் மழையில் நனைந்த மிளகாயைப் பேனல் மேல் பரப்பினேன். வலையின் ஒரு முனையை இவர் பிடித்தார், மறுமுனையை அண்ணன்.