நீ நடித்த கிழவி

கிராக்கோவ்,
ஆகஸ்ட், ஞாயிறு மாலை

அன்புள்ள தம்தாவுக்கு,

குத்தாயிசியில் நீயும் உன் அம்மாவும் சுகம் என்று உன் கடிதத்தில் கண்டேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறை ஒன்றுமில்லை. நீ பக்கத்துக்குப் பக்கம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஒரு முறை போதும். கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள்: ஒரு முறை கேள், நிமிர்ந்து நின்று கேள்.

அக்டோபரில் நாடகப் பள்ளி திறக்கும்போது என் வீட்டில் உன் பழைய அறை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தேர்வு. உயிரோடிருக்கும் ஒருவரைப் படிப்புப் பருவம் முழுக்கக் கவனித்து, அவராகவே மேடையில் நிற்க வேண்டும் என்று உங்கள் ஆசிரியர் சொன்னாராம். நீ சந்தையில் பூ விற்பவளைக் கவனிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். "நீங்க வர வேணாமே அத்தை, உங்களுக்குச் சலிப்பா இருக்கும்" என்றாய். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வீட்டு பிரோனியாவுக்கும் சீட்டுக் கேட்டு வாங்கியது நான்தான். போலிஷ் மொழியில் வாய் திறக்கத் தெரியாமல் ஜார்ஜியாவிலிருந்து வந்த பெண்ணை மாலைதோறும் உட்கார வைத்துப் பேசப் பழக்கியது யார் என்று அவள் பார்க்கட்டும் என்றுதான்.

என் கணவர் வாங்கித் தந்த தொப்பியை அணிந்திருந்தேன். "அதைக் கழட்டுடி யாட்விகா, பின்னாடி இருக்கறவன் உன் தொப்பியத்தான் நாடகம்னு நெனச்சுக்கப் போறான்" என்றாள் பிரோனியா. இருவரும் சிரித்தோம்.

மேடையில் ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. உன் உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன் என்று எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. நான் செய்வதுபோலவே நீ ரிசீவரைக் கைக்குட்டையால் துடைத்த பிறகுதான், நீ நடிக்கும் அந்தக் கிழவி யார் என்று தெரிந்தது.

மணி அடிக்கவில்லை. நீ எடுத்துப் பேசினாய், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. "தோமெக்கா? சொல்லுடா கண்ணா! பணமா? எனக்கு எதுக்குடா பணம்? பிள்ளைங்க போலிஷ் பேசுதுங்களா? சரி சரி, அழாதடா, கிறிஸ்துமஸுக்கு வந்தாப் போதும்." பெயரை மட்டும் மாற்றியிருந்தாய். நன்றி.

அரங்கம் முழுக்கச் சிரித்தது. பிறகு நீ ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாய். சிரிப்பு நின்றது. சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மகன் மாரெக் சிகாகோவிலிருந்து பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊர் முன்னால் நீ சொல்லிவிட்ட பிறகு உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

திரும்பும் வழியில், டிராமில், பிரோனியா ஒரு வார்த்தை பேசவில்லை. "என் பையன் ஞாயித்துக்கிழமையானா வந்து சட்டியக் காலி பண்றான், உன் பையன் கடல் தாண்டிக் கொஞ்சறான், குடுத்து வச்சவடி நீ" என்று வாரம் தவறாமல் குத்துகிறவள். இப்போது மாரெக்கின் பெயரையே எடுப்பதில்லை. மருமகளிடம் பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டை கொடுத்தனுப்புகிறாள். "உடம்பப் பாத்துக்கோம்மா" என்கிறாள். அவளுடைய ஏச்சை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் தாங்குவேன். இந்தக் கொழுக்கட்டை தொண்டையில் இறங்கவில்லை.

உனக்கு வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் என்றார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மோசமாக நடித்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அறையை இன்னும் யாருக்கும் விடவில்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு; எனக்குப் பிடிக்கவில்லை. நீ வரலாம். ஆனால் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பிரோனியாவைத் தேநீருக்கு அழைப்பேன். நீயும் உடன் உட்கார வேண்டும். அந்தத் தொலைபேசிக் காட்சி நீயாகக் கற்பனை செய்தது, ஆசிரியரைக் கவர்வதற்காகச் சேர்த்தது, இந்த வீட்டில் மணி அடித்ததை உன் காதால் கேட்டிருக்கிறாய் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்ல வேண்டும். கண் கலங்காதே. என் முகத்தைப் பார்க்காதே. கேக்கை மென்றுகொண்டே சொல். அவளை ஏமாற்றுவது எளிதல்ல.

கடவுள் உன்னைக் காக்கட்டும். பத்திரமாக வந்து சேர். நீ கெட்டிக்காரி, தம்தா. அன்று போலவே நடி. அவள் நம்ப வேண்டும்.

உன் அத்தை,
யாட்விகா சரேம்பா