புதினா எங்கே போனது

சவரிமுத்துவின் அப்பாவுக்கு,

லுணுகலையில் தங்கச்சிக்கு இடுப்புவலி கண்டுவிட்டதாம். வண்டியோடு ஆள் வந்து சொன்னது. அதே வண்டியில் கிளம்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருவேன். குரக்கன் கஞ்சி அடுப்புமேல் இருக்கிறது. அலமாரிச் சாவி மாதா படத்துக்குப் பின்னால்.

நீங்கள் குடியை விட்டு, தேத்தண்ணிக்குச் சீனியையும் விட்டு, மரக்கறிப் பாத்தி போட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். "மண்ணக் கிண்டுனா மனசு தெளியுதுங்க சுவாமி" என்று கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியிடம் சொன்னீர்கள். அந்தப் பாத்தியைப் பார்க்க சுவாமி வியாழக்கிழமை வருகிறார். கொஞ்சம் முள்ளங்கி கொடுத்தனுப்புங்கள்.

எனக்கு விளங்காதது ஒன்று. ஒரு வாரமாக மழை விடவில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள், அரைமணி நேரம். புதினாப் பாத்தியோ மொட்டையாக நிற்கிறது. நான் ஒரு நாளும் துவையல் அரைக்கவில்லை. வாய் நாற்றம் போக மென்றது யார்?

இன்று காலை முள்ளங்கி தோண்டப் போனேன். கடைசி வரிசையில் மண்வெட்டி ஒரு போத்தலில் இடித்தது. பாதிச் சாராயம் இருந்தது. நான் எடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டேன்.

இருதயம்மா

பி.கு. மூடின மண்மேல் ஆறு மிளகாய் நாற்று நட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வேர் பிடித்து நிமிர்ந்துவிடும். பிடுங்கித் திரும்ப நட்டால் வாடும்.

கோழிகளைப் பக்கத்து வீட்டு ரோசம்மாவிடம் விட்டிருக்கிறேன். கோழி கிளறியது என்று சொல்ல வேண்டாம்.

வந்ததும் நாற்றைத்தான் பார்ப்பேன். அப்புறம்தான் உங்கள் முகம்.