ஏழாவது குழியில் ஐந்து வகைப் புல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நானும் சுகம், என் இடுப்பு வலியும் சுகம். அத்தானுக்கு இருமல் விட்டதா? சின்னவள் பரீட்சை எப்படி எழுதினாள்? பதிலைக் கடிதத்திலேயே எழுது, போன் வேண்டாம். போனில் நீ ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, கடைசியில் யார் முதலில் வைத்தது என்பதுதான் மிஞ்சுகிறது.

நீ கேட்ட வேலையை முடித்துவிட்டேன். இந்தக் கடற்கரையில் அதிகம் பேருக்குத் தெரியாத, போய்ப் பார்க்கவேண்டிய கோல்ஃப் மைதானங்கள் என்று உங்கள் சுற்றுலா அலுவலகம் போடப்போகும் கையேட்டுக்கு நான்கு மைதானங்களைப் பற்றிக் குறிப்பு கேட்டிருந்தாய். எங்கள் மைதானம் வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். ஏழாவது குழியைச் சுற்றிப் புல் கருகிக் கிடக்கும் போட்டோவை உன் மேலதிகாரி பார்த்துவிட்டாராம். போதாததற்குச் சொந்தத் தங்கை வேலை பார்க்கும் இடமாம், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். கையேட்டில் வராவிட்டால் இந்த சீசனோடு மைதானத்தை மூடி, பக்கத்து ரிசார்ட்டுக்குக் கார் நிறுத்தக் கொடுத்துவிடுவது என்று கமிட்டி முடிவெடுத்திருப்பது உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினாயே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் ஒன்பது குழிகளுக்கும் புல்லை இரண்டு தடவை வெட்டினேன்.

சரி, முதலில் உன் வேலை. ஸ்கூட்டரிலேயே நாலு இடத்துக்கும் போய் வந்தேன். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருப்பது ஆறே குழி. பார்த்துக்கொள்பவர் முன்னாள் பஸ் டிரைவர். காற்றடிக்கிற நேரத்தில் பந்தைக் கடல் பக்கம் அடித்தால் அது திரும்பி மைதானத்துக்கே வருகிறது. நான் நம்பவில்லை. அடித்துப் பார்த்தேன், என் காலடியிலேயே வந்து விழுந்தது. "ஏறினவங்களை எல்லாம் கொண்டாந்து இறக்கிவிட்டுரும்மா நம்ம காத்து" என்றார். உப்பளத்தை ஒட்டியிருக்கும் மைதானத்தில் ஒரு மரம்கூட இல்லை, தொப்பி இல்லாமல் யாரையும் அனுப்பாதே. அதைப் பார்த்துக்கொள்ளும், நெட்டைக் கொக்கு என்று எல்லாரும் கூப்பிடும் உயரமான மனிதரும் அவர் மனைவியும் புல்லை எப்படித்தான் அவ்வளவு மெல்லிசாக வைத்திருக்கிறார்களோ, எனக்குப் பொறாமையாக இருந்தது.

ரயில் பாதைக்கு மேலே மேட்டில் இருப்பதுதான் வேடிக்கை. அதைக் கவனிப்பவருக்கு ரயில்வேயில் ஒரு நாளும் வேலை இல்லை, ஆனாலும் எல்லாரும் ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பந்து கூட்ஸ் வண்டியில் விழுந்து போய்விட்டால் குற்றமில்லை, மறுபடி அடிக்கலாம் என்பது அங்கே சட்டம். மூன்று ஸ்டேஷன் தள்ளி யாரோ ஒருவர் எடுத்து, "உங்களோடதுதானே?" என்று சீட்டு வைத்துத் தபாலில் அனுப்பிய பந்து ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் ஏழு குழி மைதானத்தை ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். நாலாவது குழி வார்டு ஜன்னல்களுக்கு நேர் கீழே. அங்கே யாரும் சத்தம் போடக்கூடாது, ஆனால் பந்து குழியில் விழுந்தால் மேலேயிருந்து நோயாளிகள் கைதட்டலாம். எனக்கு விழவில்லை. இருந்தும் ஒரு பெரியவர் தட்டினார். எதற்கு என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "அவர் காலையிலேர்ந்து தட்டக் காத்துக்கிட்டிருந்தார், விடும்மா" என்றார்.

அங்கேதான் என் வாய் திறந்துகொண்டது. உன்னிடம் சொன்ன பொய்யை அந்த அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. புல் கருகியதற்குப் பம்பு பழுதுதான் காரணம் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது பொய் அக்கா. எங்களுக்கு இரண்டு கிணறு. கடல் ஏறும் நாட்களில் ஒன்று உப்பாகிவிடும். அதனால் தினமும் காலையில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறப்பேன். ஒரு நாள் காலையில் ரிசார்ட் மேனேஜர் வந்து நின்றார். "கவலைப்படாதீங்க மேடம், இங்க கார் பார்க்கிங் வந்ததும் உங்களுக்கே சூப்பர்வைசர் வேலை" என்றார். நான் வளர்த்த புல்லின்மேல் நின்றுகொண்டே சொன்னார்! வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பிவிட்டு, அதே சூட்டில் போய் ஏழாவது குழிக்கான வால்வைத் திறந்தேன். ருசி பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஏழாவது குழியைச் சுற்றி எல்லாம் கருகிப்போனது. பம்பு இல்லை, என் கோபம்தான் காரணம். நீ எத்தனையோ தடவை சொன்னாய், உன் கோபம் ஒரு நாள் உனக்கே உலை வைக்கும் என்று. வைத்துவிட்டது, போதுமா?

நர்ஸம்மா திட்டவில்லை. மற்ற மூன்று பேருக்கும் போன் செய்துவிட்டார். உப்பேறிய மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டுப் பத்து நாள் கழுவினேன். போன ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு ஈரச்சாக்கு, சாக்குக்குள் அவரவர் மைதானத்திலிருந்து பெயர்த்த புல்.

ஒரே குழியைச் சுற்றிப் பல வகைப் புல் போடுவது எங்கள் தொழிலில் யாரும் செய்யாத வேலை. டிரைவரின் புல் முரடு, பந்து நின்றுவிடும். கொக்கின் புல்லில் வழுக்கி ஓடும். நர்ஸம்மாவின் புல் மெத்தை. ஸ்டேஷன் மாஸ்டரின் புல் காற்றில் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்தது, பந்தையும் அந்தப் பக்கமே இழுக்கும். ஓரத்தில் தப்பிப் பிழைத்தது என்னுடையது. தெரிந்துதான் போட்டோம்.

கமிட்டிச் செயலாளர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "என்னம்மா இது, கிழிஞ்ச போர்வையைத் தைச்ச மாதிரி?" என்றார். "தைச்சதுதான் சார், குளிருக்குப் போர்த்திக்கலாம்" என்றேன். முறைத்தார். பிறகு ஒரு மட்டையை எடுத்துச் சும்மா தட்டிப் பார்த்தார். முதல் தடவை பந்து குழியில் விழ ஆறு அடி, அடுத்த தடவை ஐந்து. ஒரு மணி நேரம் அந்த மனிதர் நகரவேயில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அவர் வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது.

இனி நான் சொல்வதைக் கேள். குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு மைதானத்துக்கு நாலு தாள். எங்கள் மைதானத்தைப் பற்றிய ஐந்தாவது குறிப்பை அந்த நாலு தாளின் முதுகிலும் தொடர்ச்சியாக எழுதியிருக்கிறேன். புல் கருகியதையும் அது யாரால் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். கீழே நாலு பேரின் கையெழுத்தும் இருக்கிறது, படித்துப் பார். ஐந்தும் வரட்டும், இல்லையென்றால் எங்கள் நாலையும் எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். நான் கேட்கவில்லை அக்கா. சத்தியமாகக் கேட்கவில்லை. வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். உப்பளத்துக்காகக் கொக்கின் மனைவி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கித்தான் கையெழுத்துப் போட்டார்.

சொந்தத் தங்கை என்பதால் போடு என்று நான் கேட்கவில்லை. சொந்தத் தங்கை என்பதால் எடுத்துவிடாதே. ஊர் என்ன பேசும் என்று பயந்தா அன்றைக்கு நீ ஏழாவது குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டாய்? ஷெட்டில் தொங்கும் பலகையில் அந்தக் குழிக்கு நேரே இன்றும் உன் ஒருத்தி பெயர்தான் இருக்கிறது. கார் நிறுத்துமிடம் வந்தால் அந்தப் பலகையை எங்கே மாட்டுவீர்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். எந்தப் பலகை என்றார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாய். போட்டோ அனுப்பமாட்டேன். ஏழாவது குழி எப்படி இருக்கிறது என்று போட்டோவில் தெரியாது, நின்று ஆடினால்தான் தெரியும். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வா. உன் மட்டையைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஆடிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். சொன்னால் ஏற்றுக்கொள்வேன். தாளில் எழுதி அனுப்பினால் தலைகீழாக நின்றாலும் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

நீயும் அத்தானும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். என்மேல் கோபம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா. ஆனால் வா.

தண்ணீரை ருசி பார்த்துவிட்டே வால்வைத் திறக்கும்,
உன் தங்கை