எழுதாமல் விட்ட கல்

உளவுக் கப்பல் 41. நாள் 1. காலை 9:20

இதைக் கண்டெடுப்பவருக்கு. நான் சந்தியாகு. வயது எழுபத்தொன்று. என் குறிப்பை இன்று முதல் நானே எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் எட்டு மாதம் படித்தேன். 'ழ' போடும்போது பேனா திரையில் சறுக்குகிறது. போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழகாக இருக்கிறது.

எரிபொருள் முழுதாக உள்ளது. கேமரா சரி. இது 'அகல்வான்' என்னும் விண்வெளி விளையாட்டு. நாற்காலியும் திரையும் என் வீட்டில்தான் இருக்கின்றன. ஆனால் கப்பல் உடைந்தால் அதை ஓட்டியவரின் இருக்கை மூடப்படும். மறுபடி ஏற முடியாது. உடைந்த கப்பலின் குறிப்புப் பெட்டியை மூன்று நாளுக்குள் யாராவது தளத்தில் சேர்த்தால் மட்டும் இருக்கை திறக்கும்.

நாள் 1. பகல் 11:05

எங்கள் வேலை சுடுவதல்ல. பார்ப்பது, எண்ணுவது, திரும்புவது. எஞ்சினை அணைத்துவிட்டு எதிரித் தளத்தின் அருகே மிதந்தேன். பதினான்கு கப்பல்கள். படம் எடுத்தாயிற்று.

கப்பல் 40-இலிருந்து மிக்கேல் அழைத்தார். என் மனைவியின் அண்ணன்.

"என்ன வே மாப்ள, பதினாலுன்னு எழுதிட்டீரா? இல்ல, பதினாலு கோடு போட்டு வச்சிருக்கீரா?"

"எழுதிட்டேன் மச்சான். இனி உம்ம தயவு வேண்டாம்."

"அப்போ நான் யாருக்கு வே எழுதுறது?"

தளத்துக்குப் பேச்சு போகாது, எழுதித்தான் சொல்ல வேண்டும். ஆறு வருடம் நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதினார். அறிக்கையின் அடியில் இரண்டு வரி உண்டு: கண்டவர், எழுதியவர். வரைபடம் எழுதியவர் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். நான் கண்ட ஐந்து நிலவுகளுக்கும் மிக்கேல் ஒன்று, மிக்கேல் இரண்டு என்று பெயர். ஐந்து வரை எண்ணுவதற்குள் வயிறு எரிகிறது.

நாள் 4. பிற்பகல் 3:40

கோளின் வளையத்தில் வழி தேடச் சொன்னார்கள். வழி இருக்கிறது. ஒரு வாசல் போல. படங்கள் தாமாகவே தளத்துக்குப் போய்விட்டன. வாசலுக்கு அப்பால் ஒரு சின்ன நிலவு. வரைபடத்தில் இல்லாதது.

வாசலில் கறுப்புக் கற்கள் மிதக்கின்றன. ரேடாரில் விழவில்லை, படத்திலும் விழவில்லை. கிட்டே போனால்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று இடது இறக்கையை உரசியது. திரும்பிவிட்டேன். பழுது பார்க்க இரண்டு நாள் ஆகும். நாளைய முறை மிக்கேலுக்கு. நிலவில் இறங்கி எழுதினால்தான் அதற்குப் பெயர் விழும். அவர் போய் இறங்குவார், எழுதுவார். மிக்கேல் ஆறு.

நாங்கள் மீன் பிடித்த கடலில் ஒரு வழக்கம். மீன் கிடக்கும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டோம். வள்ளத்தைக் கிழிக்கும் கல் கிடக்கும் இடத்தைப் பகையாளிக்கும் சொல்லிவிடுவோம்.

அறிக்கை எழுதினேன். வாசல் உள்ளது. அப்பால் நிலவு உள்ளது. கல் என்று எழுதவில்லை. இரண்டே எழுத்து. எனக்கு நன்றாக வரும். அவருக்கும் ஒரு கீறல் விழட்டும், திரும்பட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

நாள் 5. காலை 10:15

"வாசல் தெரியுது மாப்ள. உள்ள ஏதும் கிடக்கா?"

"எழுதுனதுதான் மச்சான்."

"எழுதப் படிச்ச ஆளு பேச்சே தனிதான். சரி, முழு வேகத்துல போறேன். இடுப்பு ஒடிஞ்சு படுத்ததுல இருந்து எனக்கு ஓட்டம்னா இது ஒண்ணுதான் வே."

10:19. சத்தம் இல்லை.

10:30. கூப்பிட்டேன். சத்தம் இல்லை.

11:15. வரைபடத்தில் 40 இல்லை.

நாள் 7. பிற்பகல் 2:00

மணப்பாட்டிலிருந்து மிக்கேலின் மகள் ஃபோன் செய்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாராம். கஞ்சியும் வேண்டாம் என்கிறாராம். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இறக்கை சரியாகிவிட்டது. நாளை பத்தேகால் வரை நேரம் இருக்கிறது. மச்சானின் பெட்டியை எடுத்துத் தளத்தில் சேர்க்கப் போகிறேன்.

நாள் 8. காலை 8:50

பெட்டி கிடைத்தது. கற்களுக்கு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது. கொக்கியில் மாட்டிவிட்டேன். கற்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. உடனே திரும்ப வேண்டும். இங்கிருந்து தளத்துக்கு இருபது நிமிடம்.

8:54

பெட்டியைத் திறந்துவிட்டேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்காமல் போக முடியவில்லை. அச்சடித்தது போன்ற எழுத்து. ஒரு 'ழ'கூடச் சறுக்கவில்லை. இந்த இடத்திலும் எனக்கு எரிகிறது.

கடைசிப் பக்கம். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன்.

"வாசலில் கல் இல்லை. இருந்தால் மாப்பிள்ளை எழுதியிருப்பார்."

மறுபடி முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். மறுபடியும்.

9:07

நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். வலது இறக்கை போய்விட்டது. எஞ்சின் பிடிக்கவில்லை. கொக்கி இன்னும் பெட்டியைப் பிடித்திருக்கிறது. எழுதினால் தளத்துக்குப் போகும். பெரிய கல் ஒன்று திரும்பி வருகிறது.

9:10

அறிக்கை. வாசலில் கல் உள்ளது. நிறைய. கறுப்பு. ரேடாரில் தெரியாது. மெதுவாக வரவும். இங்கே இரண்டு பெட்டி கிடக்கும். 41 வேண்டாம். 40-ஐ எடுக்கவும். பத்தேகாலுக்குள்

கண்டவர்: மிக்கேல்

எழுதியவர்: சந்தி